பெற்றோருக்கு டிவி வாங்கித் தரும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு, ஊரில் தனியாக இருக்கும் அம்மா அப்பாவுக்கு டிவியும் சவுண்ட்பாரும் ஹோம் தியேட்டரும் வாங்கி அனுப்புகிற மகன்களுக்கும் மகள்களுக்கும்,



தீபாவளி, பொங்கல் தள்ளுபடிக் காலம் வந்தால் உங்களில் பலர் ஒரே மாதிரிதான் செய்கிறீர்கள். நாலைந்து டிவிகளைப் போனில் ஒப்பிட்டுப் பார்க்கிறீர்கள். பெரிதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஊர் முகவரிக்கு அனுப்புகிறீர்கள். ஆள் வந்து சுவரில் மாட்டிவிட்டுப் போகிறார். சாயங்காலம் அப்பா போனில், "படம் சூப்பரா இருக்குப்பா" என்கிறார். உங்களுக்கும் மனசு நிறைந்துவிடுகிறது.

அதற்கடுத்த வாரங்களில் அந்த வீட்டுக்குள் போகிறவள் நான். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். தஞ்சாவூர் பக்கம் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பிள்ளைகள் வெளியூர். "டீச்சர், டிவியில எதுவும் வரலை, கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?" என்ற குரல் வாரத்தில் ஒரு தடவையாவது கேட்கும். போய்ப் பார்த்தால் டிவியில் பழுது எதுவும் இருக்காது. ஏதோ ஒரு பொத்தானில் கை பட்டிருக்கும், திரை வேறு எங்கோ போய் நிற்கும், திரும்பி வர வழி தெரியாமல் இரண்டு நாளாகப் பெட்டி அணைந்து கிடக்கும். "பிள்ளைகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டால், "அவனே வேலையில இருப்பான், இதுக்குப் போய்க் கூப்பிடணுமா" என்பார்கள். உங்களிடம் சொல்லமாட்டார்கள் என்பதால்தான் நான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்வோம். உங்கள் பெற்றோர் டிவிக்குப் புதியவர்கள் இல்லை. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. 1982-இல் வண்ணம் வந்தது. 1993 தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவி வந்தது. டயனோரா, சாலிடேர் காலத்திலிருந்து டிவி பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். அன்றைக்குப் பெட்டி என்பது ஒன்றே ஒன்று. திருகினால் படம் வரும், இன்னொன்றைத் திருகினால் சத்தம் கூடும். 2012-க்குப் பிறகு கேபிள் படிப்படியாக டிஜிட்டலுக்கு மாறியபோது செட்டாப் பாக்ஸ் வந்து உட்கார்ந்தது, ரிமோட் இரண்டானது. பிறகு ஸ்மார்ட் டிவி வந்தது. நீங்கள் சவுண்ட்பார் வாங்கிக் கொடுத்ததும் ரிமோட் மூன்றானது. எதை முதலில் போடுவது, சத்தம் எதில் கூட்டுவது, எந்தக் கருவி எந்த நுழைவில் இருக்கிறது என்பதெல்லாம் இப்போது அவர்கள் தலையில். இதில் தடுமாறினால் வயதின் மேல் பழி போடாதீர்கள். மூன்று கம்பெனிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாமல் செய்து விற்ற மூன்று கருவிகளை நடுக்கூடத்தில் ஒன்றாக வைத்தால் யாருக்கும் தடுமாற்றம் வரும்.

ஆகவே எந்த டிவி சிறந்தது என்று தேடுவதற்கு முன்னால் உங்கள் வீட்டின் ஒரு சாயங்காலத்தை எண்ணிப் பாருங்கள். ஆறு மணிக்குக் கோயில் நேரலை, ஏழுக்குச் செய்தி, பிறகு சீரியல், ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய படம், எப்போதாவது பேரனின் பிறந்தநாள் வீடியோ. இவ்வளவுதான் என்றால், இவ்வளவையும் யாரையும் கூப்பிடாமல் அவர்களே போட்டுப் பார்க்க முடிய வேண்டும். மின்சாரம் போய் வந்த பிறகும் முடிய வேண்டும். பேச்சு தெளிவாகக் காதில் விழ வேண்டும். என் அளவுகோல் இதுதான். திரையின் நிறத் துல்லியமும் எட்டாயிரம் பிக்சலும் இதற்குப் பின்னால் வரட்டும்.

ஒலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பெரும்பாலான வீடுகளில் பணம் வீணாகிற இடம் அதுதான்.

அறுபது வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் கேட்கும் திறன் குறைகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயதால் வரும் இந்தக் குறைவு எல்லா ஒலியையும் ஒரே அளவில் தின்பதில்லை. கீச்சுத்தன்மை கொண்ட உயர் அதிர்வெண்கள் முதலில் போகின்றன. உயிரெழுத்துகளின் கனமான ஓசை தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பதால் அது காதில் விழுந்துகொண்டே இருக்கும். மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டுகிற நுண்ணிய ஓசைகள்தான் மேலே இருக்கின்றன. கடை, சடை, தடை, படை என்ற நான்கையும் சொல்லிப் பாருங்கள். முதல் மெய்யை எடுத்துவிட்டால் நான்கும் ஒன்றுதான். உங்கள் அம்மாவுக்கு டிவியில் யாரோ பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்பது பிடிபடவில்லை. "சத்தம் கேக்குது, வார்த்தை புரியலை" என்று அவர்கள் சொல்வது அப்படியே உண்மை.

இந்த நிலையில் நீங்கள் கடைக்குப் போனால் விற்பவர் வாட்ஸ் கணக்குச் சொல்வார். பெரிய வூஃபர் இருக்கிற செட்டைக் காட்டி, நெஞ்சு அதிரும்படி ஒரு சண்டைக் காட்சியைப் போடுவார். அந்த வூஃபர் உங்கள் அம்மாவுக்கு எதிரி. தாழ்ந்த ஒலி பலமாக இருக்கும்போது அதைவிட உயர்ந்த அதிர்வெண் ஒலிகளை அது மூடி மறைத்துவிடும்; காதின் இயல்பே அப்படி. ஏற்கெனவே மங்கிவிட்ட மெய்யெழுத்துகள் அந்த அதிர்வில் முழுக்க அமுங்கிப் போகும். சீரியல்களில் வசனத்துக்குக் கீழே ஓயாமல் ஓடுகிற பின்னணி இசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏதாவது பெட்டியில் ஆயிரக்கணக்கில் பிஎம்பிஓ வாட்ஸ் என்று போட்டிருந்தால் அந்த எண்ணைப் பொருட்படுத்தவே வேண்டாம். அதற்கு ஒத்துக்கொள்ளப்பட்ட அளவுமுறை எதுவும் கிடையாது.

அப்படியென்றால் டிவியின் சொந்த ஸ்பீக்கரே போதுமா? பல வீடுகளில் போதாது. டிவி மெலிந்துகொண்டே வந்ததால் ஸ்பீக்கர்கள் சிறுத்து, கீழ்நோக்கியோ பின்நோக்கியோ திரும்பிவிட்டன. ஒலி சுவரில் பட்டுச் சிதறி வருகிறது. முன்பக்கம் பார்த்து ஒலிக்கிற ஒரு சிறிய சவுண்ட்பாரே பெரிய வித்தியாசம் காட்டும். வாங்கும்போது பெட்டியில் உள்ள எண்களைக் கவனியுங்கள். 2.1 என்றால் இடம், வலம், ஒரு வூஃபர். 3.1 என்றால் நடுவில் தனியாக ஒரு ஸ்பீக்கர் உண்டு. சினிமாவில் வசனத்தைப் பெரும்பாலும் அந்த நடுப்பாதையில்தான் பதிவுசெய்கிறார்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு நடு ஸ்பீக்கர் உள்ளதே பொருத்தம். பேச்சைத் தூக்கிக் காட்டும் அமைப்பு ஒன்றும் இருக்கவேண்டும். ஒரு கம்பெனி அதை வாய்ஸ் என்கிறது, இன்னொன்று டயலாக் என்கிறது, மற்றொன்று கிளியர் வாய்ஸ் என்கிறது. அதைப் போட்டுவிட்டால் அணைத்து எழுப்பிய பிறகும் அப்படியே நிற்கிறதா என்று கடையிலேயே சோதித்துப் பாருங்கள். வூஃபரைத் தனியாகக் குறைக்க முடிந்தால் வெகுவாகக் குறைத்துவிடுங்கள். இரவு முறை என்று ஒன்று பல சவுண்ட்பார்களில் இருக்கும். அது உரத்த ஒலியை அமுக்கி, மெல்லிய ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். முணுமுணுப்பாகப் பேசி, திடீரென்று வெடிச்சத்தம் போடும் படங்களுக்குப் பகலிலும் அதுவே நல்லது.

நாலு மூலையிலும் ஸ்பீக்கர் வைக்கிற 5.1 செட்டைப் பற்றியும் கேட்பீர்கள். சென்னை ரிச்சி தெருவில் இன்றும் நல்ல விலையில் கிடைக்கிறது. பாட்டுக் கேட்கிற அப்பாவாக இருந்தால் ஆசையும் இருக்கும். ஆனால் பின்பக்க ஸ்பீக்கருக்குப் போகும் வயர் தரையில்தான் ஓடும். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்து போகிறவர்கள் இருக்கும் வீட்டில் தரையில் வயர் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

இன்னொரு சிக்கல் கணவன் மனைவிக்கு இடையில் வருவது. அப்பாவுக்குக் காது மந்தம், அம்மாவுக்கு நன்றாகக் கேட்கும். அப்பா சத்தத்தை நாற்பதில் வைத்தால் அவர் பார்க்கிற செய்தி அடுத்த வீட்டுக்கும் கேட்கும். அம்மா இருபதில் வைத்தால் அப்பா எழுந்துபோய் விடுகிறார். இதற்கு வயர் இல்லாத டிவி ஹெட்போன் நல்ல வழி. தாங்கியோடு வருவதாகப் பாருங்கள். பார்த்து முடித்ததும் தாங்கியில் வைத்தால் சார்ஜ் ஏறிவிடும், தனியாகக் குத்தி வைக்கவேண்டியதில்லை. சாதாரண ப்ளூடூத் ஹெட்போனில் ஒலி ஒரு கணம் பிந்தி வரும். உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகியவருக்கு அது பெரிய தொல்லை. டிவிக்கென்றே ரேடியோ அலையில் இயங்கும் ஹெட்போன்களில் இந்தத் தாமதம் உறுத்துவதில்லை. ஹெட்போனும் டிவி ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் ஒலிக்குமா என்பதை மட்டும் டிவி வாங்கும் இடத்தில் கண்டிப்பாகக் கேளுங்கள். சில டிவிகளில் ஒன்றைப் போட்டால் மற்றது ஊமையாகிவிடும், அம்மா படம் மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், ஒரு தடவை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். காதில் குறும்பி அடைத்திருப்பதை எடுத்தாலே சிலருக்குக் கேட்டுவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அதற்கான பிரிவு இருக்கிறது. காதுக்கருவி தேவைப்படும் என்று சொன்னால், டிவி ஒலியை நேராகக் கருவிக்குள் அனுப்பும் வசதி அதில் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். சவுண்ட்பாருக்குச் செலவழிக்கும் காசு அங்கே போனால் பேரப்பிள்ளைகள் பேசுவதும் சேர்ந்து கேட்கும்.

அடுத்தது ரிமோட். வீட்டில் எத்தனை கருவி இருந்தாலும் கையில் ஒன்றுதான் இருக்கவேண்டும். இதற்கு வழி ஏற்கெனவே உங்கள் டிவிக்குள் இருக்கிறது. ஹெச்டிஎம்ஐ கேபிளில் படமும் ஒலியும் போவதோடு கட்டளைகளும் போகும். சிஇசி என்று பெயர். சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்ளிங்க் என்கிறது, சோனி பிராவியா சிங்க் என்கிறது. எல்லாம் ஒன்றுதான். அது இயங்கினால் டிவியைப் போட்டதும் சவுண்ட்பார் தானாக விழித்துக்கொள்ளும். டிவி ரிமோட்டில் சத்தம் கூட்டினால் சவுண்ட்பாரில் கூடும். டிவியை அணைத்தால் அதுவும் அணையும். பல டிவிகளில் இதை அமைப்புக்குள் போய் நாம்தான் போட்டுவிட வேண்டியிருக்கும். பொருத்த வந்தவர் போடாமலே போய்விடுவார். சவுண்ட்பாரை டிவியின் எந்த ஹெச்டிஎம்ஐ துளையிலும் செருகிவிட முடியாது. ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று எழுதியிருக்கும் துளையில்தான் செருகவேண்டும். ஹெச்டிஎம்ஐ துளைகளில் டிவியிலிருந்து ஒலியை வெளியே அனுப்புவது அது ஒன்றுதான். 2009-இல் வந்த ஹெச்டிஎம்ஐ 1.4 தரத்தில் ஏஆர்சி சேர்ந்தது, ஆகவே ஓரளவு பழைய டிவிகளிலும் இருக்கும். ஆப்டிகல் கேபிளில் இணைத்தால் ஒலி வரும், ஆனால் கட்டளை போகாது. ரிமோட் இரண்டாகிவிடும். எங்கள் தெருவில் நான் போன வீடுகளில் பாதிப் பிரச்சினை இந்த ஒரு கேபிளை மாற்றியதும் தீர்ந்தது.

மிச்சம் இருப்பது செட்டாப் பாக்ஸ். அதுதான் முரண்டு பிடிக்கும். கேபிள்காரர் கொடுக்கும் பாக்ஸ்களில் பலவும் இந்தக் கட்டளைகளைக் கேட்காது. அங்கே எதிர்த்திசையில் யோசியுங்கள். சேனல் மாற்ற எப்படியும் பாக்ஸ் ரிமோட்தான் வேண்டும். அப்பாவின் கை பழகியதும் அதில்தான். டிடிஹெச் ரிமோட்கள் பலவற்றில் டிவிக்கென்று ஒதுக்கிய சில பொத்தான்கள் இருக்கும். டிவி ரிமோட்டையும் அதையும் நேருக்கு நேர் வைத்து, டிவியை எழுப்புவதையும் சத்தத்தையும் அதற்குக் கற்றுக்கொடுத்துவிடலாம். அந்த வசதி இல்லாத பாக்ஸ் என்றால், கற்றுக்கொள்ளும் ரிமோட் என்றே தனியாக விற்கிறார்கள். பொத்தான் குறைவாக, எழுத்து பெரிதாக இருப்பதை வாங்கி, வேண்டியதை மட்டும் பதிந்து கொடுங்கள். மற்ற ரிமோட்களின் பேட்டரியைக் கழற்றி, பாலிதீன் உறையில் போட்டு, பீரோவுக்குள் வைத்துவிடுங்கள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அமைப்பை மாற்ற என்றாவது அவை வேண்டியிருக்கும்.

ரிமோட்டைப் பற்றி இன்னும் ஒன்று. இன்றைய டிவி ரிமோட்களில் படச் செயலிகளின் பெயர் போட்ட பொத்தான்கள் கீழ்ப்பக்கம் வரிசையாக இருக்கின்றன. அந்தக் கம்பெனிகளின் விளம்பரத்துக்காக வைத்தவை. கட்டைவிரல் தற்செயலாகப் பட்டால் சீரியல் நடுவில் திரை எங்கோ தாவிவிடும். அந்த இடத்தில் தடித்த டேப் ஒட்டி மூடிவிடுங்கள். எழுப்பும் பொத்தானில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்கள். எங்கள் தெருப் பாட்டி ஒருவர் தன் கையாலேயே பவர் பொத்தானுக்குச் சிவப்பும், சத்தத்துக்குப் பச்சையும் ஒட்டிவைத்திருக்கிறார். கண்புரைக்கு அறுவை செய்துகொள்ளும்வரை அந்தப் பொட்டுகளைத் தடவிப் பார்த்தே டிவி போட்டார். எந்தக் கம்பெனியின் வடிவமைப்பாளரும் அதைவிட நன்றாகச் செய்திருக்க முடியாது.

போட்டதும் திரையில் என்ன வருகிறது என்பதும் முக்கியம். பல ஸ்மார்ட் டிவிகள் எழுந்ததும் ஒரு முகப்புப் பக்கத்தைக் காட்டும். முப்பது நாற்பது படங்கள், நடுவில் விளம்பரம். சேனல் எங்கே என்று அப்பா தேடவேண்டும். அமைப்புக்குள் போனால் கடைசியாகப் பார்த்த இடத்திலேயே டிவி எழும்படி பெரும்பாலான பெட்டிகளில் மாற்றலாம். வாங்குவதற்கு முன் இந்த ஒன்றைக் கேளுங்கள்: "போட்டவுடனே செட்டாப் பாக்ஸ் வருமா?" விற்பவர் செய்து காட்டட்டும். கூகுள் டிவி உள்ள பெட்டிகளில் செயலிகளை மட்டும் காட்டிப் பரிந்துரைகளை மறைக்கும் வழியும் இருக்கிறது. மெனுவைத் தமிழில் மாற்ற முடியுமா என்றும் பாருங்கள். குரலில் தேடும் வசதியை நம்பி வாங்குவதானால், அப்பாவையே கடையில் பேசவைத்துச் சோதியுங்கள். நீங்கள் பேசினால் புரிந்துகொள்ளும் கருவி, பல்செட் கட்டிய எழுபது வயதுக்காரர் தஞ்சாவூர்த் தமிழில் நிதானமாகச் சொல்லும்போது தடுமாறலாம்.

மின்சாரம் போய் வருவதைச் சொன்னேன். நம் பெற்றோருக்கு ஒரு பழக்கம் உண்டு. படுக்கப் போகுமுன் சுவர் ஸ்விட்சையே அணைத்துவிடுவார்கள். வடகிழக்குப் பருவமழையில் வானம் இடித்தால் பிளக்கையும் பிடுங்கிவிடுவார்கள். "அப்படிச் செய்யாதீங்க, ஸ்டாண்ட்பைல விடுங்க" என்று சொல்லி அந்தப் பழக்கத்தை மாற்றப் பார்க்காதீர்கள். மின்னலுக்குப் பிளக்கைப் பிடுங்குவது சரியான காரியம். கருவிதான் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் இணைத்து முடித்த பிறகு சுவர் ஸ்விட்சை அணையுங்கள். ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். ஒரு ரிமோட்டை மட்டும் கையில் எடுத்து, ஒரே தடவை எழுப்புங்கள். படமும் ஒலியும் வந்ததா? சவுண்ட்பார் ப்ளூடூத்துக்கு மாறிப்போய் ஊமையாக நிற்கிறதா? சில சவுண்ட்பார்கள் மின்சாரம் போனால் எந்த நுழைவில் இருந்தன என்பதையே மறந்துவிடும். அப்படிப்பட்டது எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்யவேண்டும், அதற்காக ஒரு வார இறுதியில் ஊருக்குப் போய்வாருங்கள்.

திரை அளவில் பெரிய குழப்பம் இல்லை. ஆறடி தூரத்தில் உட்கார்ந்தால் 43 அங்குலம், ஏழரை அடி என்றால் 55 வரை போகலாம். பத்தடி தள்ளி 32 அங்குலத்தை வைத்துவிட்டு, செய்தியில் அடியில் ஓடும் எழுத்தைப் படிக்கச் சொல்வது நியாயம் இல்லை. உயரத்தில்தான் தவறு நடக்கிறது. சுவரில் மின்விசிறிக்குப் பக்கத்தில் மாட்டிவிடுகிறார்கள். கழுத்து எலும்பு தேய்ந்தவர்கள் அண்ணாந்து எவ்வளவு நேரம் பார்ப்பார்கள்? நாற்காலியில் உட்கார்ந்த நிலையில் கண்ணுக்கு நேராகத் திரையின் நடுப்பகுதி வரட்டும். ஆணி அடிப்பதற்கு முன் அம்மாவை உட்காரவைத்துக் குறி போடச் சொல்லுங்கள்.

மறதி தொடங்கிவிட்ட பெற்றோர் உள்ளவர்களுக்கு இந்தப் பத்தியைத் தனியாக எழுதுகிறேன். தயவுசெய்து அவசியம் இல்லாமல் எதையும் மாற்றாதீர்கள். நேற்றுச் சொன்னது மறந்துபோகிறவருக்கும் இருபது வருடமாகக் கை பழகியது நினைவிருக்கும். அந்தப் பழைய ரிமோட் அவருக்குத் தெரிந்த உலகம். டிவி பழுதானால் அதே கம்பெனியில், கூடுமானவரை அதே ரிமோட் வேலை செய்கிற மாதிரியை வாங்குங்கள். அதே ரிமோட் இன்னொன்று இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சேனல் எண்கள் மாறினால் அதை அவரிடம் விளக்க முயற்சிக்க வேண்டாம். விருப்பப் பட்டியலில் பார்ப்பதை மட்டும் வைத்து, மேலும் கீழும் அமுக்கினால் அவை மட்டுமே வரும்படி செய்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக அமைந்தாலும் ஒருநாள் ஏதாவது நின்றுபோகும். அப்போது அவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு முன்கூட்டியே வழி வையுங்கள். டிவிக்குப் பின்னால் எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று நாலு படம் எடுத்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேபிளின் நுனியிலும் காகிதம் ஒட்டித் தமிழில் பெயர் எழுதுங்கள். வீடியோ அழைப்பில் வழிகாட்டும்போது "நீல டேப் ஒட்டினதை எடுத்துத் திரும்பச் செருகுங்கம்மா" என்று சொன்னால் போதும். கம்பெனியின் சேவை எண்ணையும் கேபிள்காரர் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி டிவிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். டிவி நின்றுபோன பதற்றத்தில் இணையத்தில் சேவை எண்ணைத் தேடி, மோசடிக்காரர் போட்டுவைத்த போலி எண்ணுக்குப் பேசி, கணக்கிலிருந்த பணத்தைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அப்படி நடந்துவிட்டால் உடனே கூப்பிடவேண்டிய 1930 என்ற எண்ணையும் அதே காகிதத்தில் எழுதுங்கள். டிடிஹெச் மாதக் கட்டணத்தை உங்கள் கணக்கிலிருந்தே கட்டிவிட்டால் அவர்கள் எந்த எண்ணும் யாரிடமும் சொல்லவேண்டி வராது.

கடைசியாக, சொல்லிக்கொடுக்கும் விதம். விடுமுறையில் வருகிறீர்கள். அம்மா ரிமோட்டை எடுத்துத் தேடுகிறார். நாலு நொடிகூடப் பொறுக்காமல் "குடும்மா, நான் போடறேன்" என்று வாங்கிவிடுகிறீர்கள். அன்போடுதான் செய்கிறீர்கள், ஆனால் அப்படி வாங்கப்பட்ட ரிமோட்டை அதற்குப் பிறகு எடுக்கவே தயங்குகிற அம்மாக்களை எனக்குத் தெரியும். பேரன் வந்தால் போடுவான், எதிர்வீட்டுப் பையன் வந்தால் போடுவான் என்று காத்திருக்கிறார்கள். நாளெல்லாம் வீடு பார்த்து, அறுபது வருடம் அடுப்பும் கணக்கும் உறவும் நிர்வகித்த ஒருவர், ஒரு சீரியலுக்காக அடுத்த வீட்டுப் பையனுக்குக் காத்திருக்கக்கூடாது. ரிமோட் அவர் கையிலேயே இருக்கட்டும். தவறாக அமுக்கட்டும். திரும்பி வருவதற்கான ஒரே ஒரு பொத்தான் எது என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள்; பத்துப் பொத்தான்களின் பயன் அவருக்கு வேண்டாம். அடுத்த நாள் நீங்கள் இன்னொரு அறையில் இருந்துகொள்ளுங்கள். அவரே போட்டுப் பார்க்கிற சத்தம் கேட்டால் நீங்கள் வாங்கியது சரியான பொருள்.

இந்தத் தீபாவளிக்கு எதையாவது வாங்க நினைத்திருந்தால், வாங்குவதற்கு முன்னால் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "இப்ப டிவி போடறதுல உங்களுக்கு எது சிரமமா இருக்கு?" என்று கேட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேளுங்கள். அப்புறம் கடைக்குப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊரில் இருக்கும் ஒரு டீச்சர்